கணித மேதை டாக்டர் எஸ். எஸ். பிள்ளை

கல்வியின் பயன் பட்டம், பட்டத்தின் பயன் பதவி என்று கருதுவது உலக வழக்கு. அவ்வழக்கை நம்பிப் பல்லாண்டு உழைத்து, டாக்டர் பட்டத்தைக் கையிற் பெற்ற இளைஞர் பலர், அதன் பின்பு எங்கே சென்று ஆராய்வது, எவரிடம் விண்ணப்பிப்பது, எவர் நமக்காக ஒரு சொல் சொல்வார் என்று திகைத்து நிற்பதை நாம் காண்கிறோம். நம் கல்லூரியிற் பயின்று பல்கலைக் கழகங்களிற் சேர்ந்தோர்க்கும் இத்திகைப்பு புதிதன்று. இத்தகையோர்க்கு அறிவுரை கூறுவார் பலர் உளர். நாம் அறிவுரை கூறப் புகவில்லை. நம் ஊருக்கு அணித்தே வாழ்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றைக் கூறவே விரும்புகிறோம்.

கடலூரிலிருந்து தெற்கே ரயிலேறிச் செல்வோர் பரங்கிப்பேட்டையை அடுத்து வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் சேர்வர். நிலையத்தில் இறங்கியவருள் கோயிலை நாடுவோர் ஒரு திசையிற் செல்வர். கல்வியை நாடுவோர் மற்றொரு திசையில் அண்ணாமலை நகருக்குச் செல்வர். அந்நகரிலே 1929 முதல் 1941 வரை ஒரு விரிவுரையாளர் வாழ்ந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்புகழ் பெற்ற கணித அறிஞர்கள் மல்லாடிய ஒரு புதிரை, அவர் அங்கிருந்தே விடுவித்தார். அவரே டாக்டர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை அவர்கள்.

இளமையும் கல்வியும்

பிள்ளையவர்கள் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள், குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஓராண்டு நிறைந்த அளவில் தாயார் காலமானார். உறவின் முதியவள் ஒருத்தியின் துணைகொண்டு தந்தையாரே மகனை வளர்த்தார்.

சிறுவர் செங்கோட்டைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் ஒருவர், இம்மாணவரின் அறிவு ஏனையோர் அறிவு போன்றதன்று என்பதைக் கண்டுகொண்டார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டில் தந்தையாரும் மறைந்தார். தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைக்குப் படிப்பு அத்துடன் நின்று போதல் அக்காலத்தில் இயற்கையே. அங்ஙனம் நின்று போகாதபடி சாஸ்திரியார் பொருளுதவி செய்து காத்தார். அவ்வாசிரியர் பெயர் பெரிய வரலாறுகளில் இடம் பெறுவதில்லை. ஆயினும் அவர் இல்லையேல் நாம் எழுதுதற்கு இவ்வரலாறே இல்லை.

பின்னர்ப் பிள்ளையவர்கள் நாகர்கோவிலில் லண்டன் மிஷனார் நிறுவிய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்று இன்டர்மீடியட் வகுப்புப் படித்தார். மீண்டும் உபகாரச் சம்பளம் பெற்றுத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி. ஏ. பட்டம் எய்தினார். செல்வம் இல்லாத மாணவர்க்கு உபகாரச் சம்பளம் என்பது வெறும் பணமன்று. மேலே செல்க என்று ஒருவர் திறந்து வைக்கும் வாயில் ஆகும்.

சென்னையில் ஆராய்ச்சி

நம் நாட்டில் ஆராய்ச்சிக்கென்று சம்பளம் கொடுக்கும் வழக்கம் அப்பொழுது இளங்கன்றாயிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் இருந்த சீனிவாச ராமாநுஜனுக்கு, 1913-ஆம் ஆண்டு மே மாதம், மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது சென்னைப் பல்கலைக் கழகம். அவரிடம் பட்டம் இல்லை. ஆனால் ஆராய்ச்சிக் குறிப்பேடுகள் இருந்தன. அவற்றைக் கண்ட கில்பர்ட் வாக்கர் என்னும் வானிலை அறிஞர், இவருக்கு உதவுதல் தக்கது என்று பல்கலைக் கழகத்தார்க்கு எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டியின் கடிதமும் துணை நின்றது. கையிலுள்ள வேலையும், அதன் தகுதியை அறிந்து எழுதுவோரின் கடிதமுமே அன்று வாயிலைத் திறந்தன.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1927-இல், பிள்ளையவர்கள் அப்பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த பேராசிரியர் கே. ஆனந்தராவ் அவர்கள், ராமாநுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த நாட்களில் தாமும் அங்கே பயின்றவர். மாநிலக் கல்லூரியிலிருந்து சிறந்த மாணாக்கர் பலரை உருவாக்கியவர். ஆர். வைத்தியநாதசுவாமி அவர்களின் பழக்கமும் பிள்ளையவர்களுக்கு அங்கே கிடைத்தது.

ஆராய்ச்சி மாணவர் இரண்டாண்டு வாளா இருக்கவில்லை. 1929-இல் அவர் கட்டுரையொன்று அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. 1930-இல், சர்வதமன் சௌலா என்னும் பஞ்சாபி இளைஞருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை லண்டன் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. சௌலாவும் இவரும் பல்லாண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டனர். ஒருவர் கண்ட வழியை மற்றவர் சோதிப்பார்; ஒருவர் தடுக்கி விழுந்த இடத்தை மற்றவர் காட்டுவார். தபால் தலையின் விலையன்றி வேறு செலவில்லாத இந்நட்பு, பெரும் பொருள் செலவிட்டு அமைக்கும் ஆராய்ச்சிச் சாலைக்கு ஒப்பாயிற்று.

தில்லையிற் பன்னிரண்டு ஆண்டுகள்

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்கள் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதுவே வளர்ந்து, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் ஆயிற்று. புதிய பல்கலைக் கழகத்துக்கு ஆசிரியர் தேவை. இளைஞர்க்கோ பதவி தேவை. அவ்வாண்டிலேயே பிள்ளையவர்கள் அங்கே விரிவுரையாளராய்ச் சேர்ந்தார். புதிதாய்த் தோன்றும் நிலையங்கள் இளைஞர்க்கு இடந்தரும் என்பதும், பெயர்பெற்ற பழைய நிலையங்களையே நோக்கி நிற்போர் அவ்விடத்தை இழப்பர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன.

சிதம்பரம் அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த சிறிய நகரம். ஜில்லாவின் தலைநகராகிய நம் கடலூரும் பெரிய ஊரன்று. ஆயினும் பல்கலைக் கழகத்தில் நூல் நிலையம் இருந்தது, பல்கலைக் கழகம் தானே ஒரு சஞ்சிகையை வெளியிட்டது, பேராசிரியர் ஏ. நரசிங்கராவ் அவர்கள் கணிதத் துறையை நடத்தி, மாணவர்க்கென ஒரு கணித சஞ்சிகையையும் 1933 முதல் பேணி வந்தார். வகுப்பில் பாடம் சொல்வது பகற் கடமை. எஞ்சிய பொழுதெல்லாம் பிள்ளையவர்கள் எண்களோடு வாழ்ந்தார்.

வேரிங் புதிர்

அவர் விடுவித்த புதிரை நம் மாணவர் அனைவரும் அறிந்துகொள்ளலாம். அதைக் கேட்பதற்குப் பெரிய கணித அறிவு வேண்டுவதில்லை. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். 7 என்பது 4, 1, 1, 1 என்னும் நான்கின் கூட்டல். கன எண்களை எடுத்துக்கொண்டால் ஒன்பது போதும். 23 என்னும் எண்ணுக்கு இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் ஆக ஒன்பதும் வேண்டும். இவ்வாறே நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு, ஆறாம் அடுக்கு என்று செல்லச் செல்ல எத்தனை வேண்டும் என்பதே கேள்வி. இதனை 1770-இல் எழுப்பியவர் எட்வர்ட் வேரிங் என்னும் ஆங்கிலேயர். எந்த அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1909-இல் ஹில்பர்ட் என்னும் ஜெர்மானியர் நிறுவினார். அவ்வெல்லை எது என்பது விளங்கவில்லை.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-இன் ஆறாம் அடுக்கு 729. 703 என்னும் எண் 729-க்குக் குறைந்ததாகையால் அதனை 64-களாலும் 1-களாலுமே கட்ட வேண்டும். பத்து 64-கள் சேர்ந்தால் 640. மீதி 63-க்கு 63 ஒன்றுகள். ஆக 73 வேண்டும். எனவே 73-க்குக் குறைந்து முடியாது என்பது சிறுவர்க்கும் விளங்கும். 73 எல்லா எண்களுக்கும் போதுமா என்பதே அறிஞரைத் திணறச் செய்த கேள்வி. எண்களோ முடிவில்லாதன, ஒவ்வொன்றாய்ச் சோதித்து முடிப்பார் யார்?

ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஒரு வழியை வகுத்தனர். ரஷ்ய நாட்டு வினோகிராதோவ் 1930-களின் நடுவில் அவ்வழியைக் கூர்மையாக்கினார். கருவி கூர்மையான உடனே அதனைக் கையிலெடுத்தவர் இருவர். ஒருவர் அமெரிக்காவில் சிகாகோப் பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் டிக்ஸன். எண் கணிதத்தின் வரலாற்றையே பெருநூல்களாக எழுதியவர். மற்றவர் சிதம்பரத்து விரிவுரையாளர் பிள்ளை. இருவரும் ஒருவரையொருவர் சாராமல், 1936-ஐ ஒட்டிய காலத்தில், உயர்ந்த அடுக்குகளுக்கு விடை கண்டனர். ஒரு நிபந்தனை நிறைவேறுமிடத்து அவ்விடை பொருந்தும். பிள்ளையவர்கள் தம் கட்டுரைகளை இந்தியக் கணிதச் சங்க சஞ்சிகையிலும், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் சொந்தச் சஞ்சிகையிலும் வெளியிட்டார். ஆறாம் அடுக்கு அடங்காது நின்றது. 1940-இல் அதனையும் அவர் வென்றார். விடை 73 என்பது நிறுவப்பட்டது.

இதன் அருமை பின்னரே நன்கு விளங்கிற்று. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீன அறிஞர் சென் 1964-இல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்பதை நம் நாட்டு ஆர். பாலசுப்பிரமணியன் அவர்கள் பிரெஞ்சு அறிஞர் இருவருடன் சேர்ந்து 1986-இல் நிறுவினார். சிறிய அடுக்குகள் எத்துணைக் கடினமானவை என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று.

பிள்ளையவர்கள் கேட்ட வேறொரு கேள்வி மாணவர்க்கு இன்பந் தரும். தொடர்ந்து வரும் எண்கள் சிலவற்றை எடுத்தால், மற்ற எதனோடும் பொது வகுஎண் இல்லாத ஒன்றேனும் அவற்றில் இருக்குமா? பதினாறு எண்கள் வரை எப்பொழுதும் இருக்கும் என்று அவர் காட்டினார். பதினேழு ஆனால் இந்நியதி தவறும். 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களை எழுதிச் சோதித்துப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் அவற்றுள்ளேயே ஓர் உறவினர் உண்டு. வர்க்கம், கனம் முதலிய அடுக்கெண்களை வரிசையாக நிறுத்தினால் அவற்றின் இடைவெளிகள் எல்லையின்றி விரிந்து செல்லும் என்று அவர் கருதியது, இன்றும் நிறுவப்படாமலே நிற்கிறது. அது அறிஞர்க்குச் சிதம்பர ரகசியமாகவே உள்ளது.

பதவியின் அருமை

இத்துணைச் செய்தவர்க்குச் சென்னைப் பல்கலைக் கழகம் டி. எஸ்ஸி. பட்டம் அளித்தது. ஆயினும் சிதம்பரத்தில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் அவர் விரிவுரையாளராகவே இருந்தார். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அக்காலத்து நிலையைச் சொல்கிறோம். ஆராய்ச்சிக்கென்றே அமைந்த பதவிகள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருந்தன. அவருக்கு இளையவரான எஸ். மீனாட்சிசுந்தரம் அவர்கள், டி. எஸ்ஸி. பட்டம் பெற்ற பின்பும் பதவி கிட்டாமல், மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லி வாழ நேர்ந்தது. லயோலாக் கல்லூரியின் ராசீன் பாதிரியார் அவருக்குத் துணை நின்றார். பின்பு ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்தது; 1946-இல் பிரின்ஸ்டனுக்குச் சென்றார். தகுதி முதலில் வரும். பதவி பின்னே வரும். இடையில் உள்ள நாட்களைக் கடப்பதற்கு மன உறுதியும் நல்லோர் துணையும் வேண்டும்.

பிள்ளையவர்கள் 1941-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டே கல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கு அழைக்கப்பெற்றார். அழைத்தவர் லெவி என்னும் ஜெர்மானியப் பேராசிரியர். அவர் யூதராகையால் லைப்சிக் பல்கலைக் கழகத்தில் தம் பதவியை 1935-இல் இழந்து, கல்கத்தாவில் பேராசிரியராய் அமர்ந்தவர். பதவியை இழத்தல் எத்தகையது என்பதைத் தாம் அறிந்த ஒருவர், நாட்டின் தென்கோடியிலிருந்த அறிஞரை எழுத்தால் அறிந்து, தம்மிடம் வரச் செய்தார். தெற்கே குற்றாலச் சாரலிற் பிறந்தவர் இங்ஙனம் கங்கைக்கரை சேர்ந்தார்.

பிரின்ஸ்டன் அழைப்பு

அமெரிக்காவிலே பிரின்ஸ்டன் நகரில், 1930-இல் நிறுவப்பெற்ற உயர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே வகுப்பில்லை, தேர்வில்லை, பட்டமும் இல்லை. அறிஞரை ஓராண்டோ ஈராண்டோ அழைத்து, உணவும் உறையுளும் பற்றிய கவலையின்றிச் சிந்திக்க விடுவதே அதன் தொழில். ஐன்ஸ்டைன் 1933 முதல் அங்கே வாழ்ந்தார். அந்நிலையம் ஓராண்டு வந்து தங்குமாறு பிள்ளையவர்களை அழைத்தது. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டுக்குச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பிரதிநிதியாகவும் அவர் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 49. பகலிற் பாடம் சொல்லி இரவிற் கணக்கிட்டுக் கழிந்த இருபது ஆண்டுகளுக்குப் பின், முழுப் பொழுதும் தமதாகும் ஓர் ஆண்டு முதன் முதலாக அவர் முன் நின்றது.

அவ்வாண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. பம்பாயிலிருந்து கெய்ரோ வழியாகச் சென்ற விமானம், 1950 ஆகஸ்டு 31-ஆம் நாள், கெய்ரோவை விட்டு எழுந்த சிறிது நேரத்தில், இயந்திரத்தில் தீப்பற்றி நைல் நதியின் கழிமுகப் பகுதியில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். சண்டிகர் நகருக்கு வரைபடம் வகுத்துத் திரும்பிய நோவிக்கி என்னும் கட்டடக் கலைஞரும் அவருள் ஒருவர். மாநாடு முந்திய நாளே தொடங்கியிருந்தது. பிள்ளையவர்களை எதிர்பார்த்திருந்தோர்க்கு அவர் வரவில்லை, செய்தியே வந்தது.

நாம் கற்பது

இவ்வரலாற்றைப் படிப்போர், உழைத்தவர்க்குப் பயன் கைக்கெட்டவில்லையே என்று வருந்துவர். நாமும் வருந்துகிறோம். ஆயினும் அவ்வருத்தத்தோடு நின்றுவிடுதல் அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. சிதம்பரத்திலிருந்து அவர் விடுத்த கட்டுரைகள் அவருக்கு முன்னமே பிரின்ஸ்டனைச் சேர்ந்திருந்தன. அவர் எழுதியவை அனைத்தும் 2010-இல் ராமாநுஜன் கணிதச் சங்கத்தாரால் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன. மனிதர் சேராத இடத்தை அவர் எழுத்துச் சேர்ந்தது.

இக்காலத்து ஆராய்ச்சிப் பதவிக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவன மூன்று: இதுவரை எழுதியவற்றின் பட்டியல், இனிச் செய்யக் கருதுவதன் சுருக்கம், தகுதியை அறிந்த சான்றோர் சிலரின் கடிதங்கள். இம்மூன்றையும் விண்ணப்பம் எழுதும் இரவில் உண்டாக்க இயலாது. பிள்ளையவர்கள் வாழ்வில் இவை எங்ஙனம் சேர்ந்தன என்பதைக் கண்டோம். முடித்த வேலையை உடனுக்குடன் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். ஆகவே பட்டியல் தானே வளர்ந்தது. ஒரு புதிரைப் பற்றிப் பல்லாண்டு விடாது நின்றார். ஆகவே இனிச் செய்வது யாது என்பது அவருக்குத் தெளிவாயிருந்தது. தொலைவிலுள்ள அறிஞரோடு கடிதத் தொடர்பு கொண்டார்; ஆகவே அவரை அறிந்தோர் பல ஊர்களில் இருந்தனர். பதவி காலியான செய்தி வந்த பின்பு ஒருவருக்கு முதன்முதல் எழுதுவதற்கும், ஒரு கணக்கைப் பற்றி ஐந்தாண்டு எழுதி வந்தவர்க்கு எழுதுவதற்கும் உள்ள வேற்றுமையை நம் மாணவர் உணர்வாராக. ஊர் சிறிதாயினும் அஞ்ச வேண்டுவதில்லை. வேலை முடிவு பெறாமல் பெட்டியிற் கிடத்தலே அஞ்சத்தக்கது.

ஆசிரியர்க்கும் கல்வி நிலையத்தார்க்கும் இவ்வரலாறு ஒன்று கூறும். செங்கோட்டைச் சாஸ்திரியார் காலத்தில் உதவினார். அவ்வுதவி ஒரு மேதையை உலகுக்குத் தந்தது. பிரின்ஸ்டன் ஓய்வு காலங்கடந்து வந்தது; அதை ஏற்பவர் வழியில் மறைந்தார். எந்த இளைஞன் எந்தப் புதிரை விடுவிப்பான் என்பதை முன்னறிவார் எவருமில்லை. ஆகவே தக்கார்க்கு உதவுதலை நாளைக்கு என்று ஒத்திவைத்தல் தகாது. சிதம்பரம் செல்லும் நம் மாணவர், அண்ணாமலை நகரின் வழியே நடக்கும்பொழுது, 703 என்னும் எண்ணை ஒருகால் நினைத்துக்கொள்வாராக. அதுவே பிள்ளையவர்களுக்கு நாம் அங்கே எழுப்பும் நினைவுச் சின்னம் ஆகும்.